முறைவாசல்

குரோம்பேட்டையில் கம்பெனி பஸ் ஏறி, வழக்கமான நாலாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்ததிலிருந்து மாசிலாமணி ஒன்றை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தார். முடிச்சூர் வர இன்னும் இருபது நிமிஷம். முடிச்சூரில் தேசிங்கு ஏறுவான். ஏறி, குட் மார்னிங் சார் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து ஸீட்டில் உட்காருவான். பதினோரு வருஷமாக அந்த ஸீட்டில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. தெரியாமல் உட்கார வருகிற புது ஆளைக்கூட, அது தேசிங்கு ஸீட்டுப்பா என்று யாராவது பின்னாலே தள்ளிவிடுவார்கள். அந்தத் தேசிங்குக்கு இன்றைக்குக் காலை பத்து மணிக்கு வேலை போகப்போகிறது. அவனுக்குத் தெரியாது. அவனுடைய மேனேஜர் மாசிலாமணிக்குத் தெரியும். தெரிந்தவரும் தெரியாதவனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரகடம் வரைக்கும் முக்கால் மணி நேரம் போயாகவேண்டும். கர்மம்டா சாமி! லீவு சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்றால் யார் வந்து தொட்டுப் பார்க்கப்போகிறார்கள்? சரி, பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்திருக்கலாம். பிடித்து என்ன பண்ண? பத்து மணிக்கு அந்தச் சின்ன மீட்டிங் ரூமில் மேசைக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவன், சுவரில் டிவி, டிவிக்குள் பெங்களூரிலிருந்து அந்தப் பெண். அதிலிருந்து எந்த ஆட்டோ பிடித்துத் தப்பிக்கிறது?

அந்தப் பெண்ணுக்கு நிவேதிதா என்று பேர். தலைமை ஆபீஸில் ஹெச்.ஆர். நல்ல பெண், அதுதான் கொடுமை. திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் நேற்று சாயந்திரம் போனிலேயே நாலு வார்த்தை கத்தியிருக்கலாம். அவளோ, சார் சாப்பிட்டீங்களா, மழையா அங்கே என்று விசாரித்துவிட்டு, தங்கச்சி மாதிரி பக்குவமாகத்தான் ஆரம்பித்தாள். நாலு வருஷத்துக்குள் இரண்டு தடவை டி கிரேடு வாங்கினவர்களை அனுப்பிவிடுவது என்று மேலே முடிவாகியிருக்கிறதாம். "உங்க டிபார்ட்மென்ட்ல ஒரே ஒருத்தர்தான் சார் வர்றாரு. தேசிங்கு. மூணு வருஷம் முன்னாடி ஒரு டி, இந்த வருஷம் ஒரு டி. உங்க ரிமார்க்ஸ் முழுக்கப் படிச்சேன் சார். மத்த மேனேஜருங்க எல்லாம் ஒரு வரி எழுதி விட்டுடறாங்க. நீங்க எவ்ளோ அழகா எழுதியிருக்கீங்க! எங்களுக்கு வேலையே இல்ல." அழகா என்றாள். காதில் இன்னும் அப்படியே நிற்கிறது. "உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது இருந்தா, காரணத்தோட ஒரு மெயில் நாளைக்குப் பத்து மணிக்குள்ள போட்டுடுங்க சார். இல்லேன்னா பத்து மணிக்கு லெட்டர் குடுத்துடலாம்." பார்க்கறேம்மா என்றார் மாசிலாமணி. பார்க்கிறேன். முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். லீவு கேட்டால் பார்க்கலாம், புது மெஷின் கேட்டால் பார்க்கலாம், மேலே இருந்து ஆளைக் குறை என்றால் பார்க்கலாம் சார். பார்த்துப் பார்த்தே மேனேஜர் ஆன மனுஷன். பார்த்தது என்னத்தை? போனை வைத்துவிட்டுக் கேபின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அளவு அறையில் தேசிங்கு ஷாஃப்டைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிக்கொண்டிருந்தான். மெஷின் அளந்து சொன்ன பிறகும் ஒரு தடவை விரலால் தடவிப் பார்ப்பான். நல்ல சரக்கா என்பது போல. சார் பார்க்கிறார் என்று தெரிந்ததும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

சானடோரியம் தாண்டியது. யாரோ பின்னால் செல்போனில் சத்தமாக ராசிபலன் கேட்டார்கள். இந்த டி கிரேடு என்கிற சனியன் கம்பெனிக்குள் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒவ்வொரு பிரிவிலும் பத்துப் பேர் இருந்தால் ஒருத்தர் கட்டாயம் மட்டம் என்று எழுதியாகவேண்டும். பத்துப் பேரும் தங்கமாக இருந்தாலும் சரி, அதில் ஒன்றைத் தகரம் என்று எழுது. மாட்டேன் என்றால் கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்தை விட்டு நகராது, சிவப்பாகக் கட்டம் போட்டுக்கொண்டு நிற்கும். முதல் வருஷம் மாசிலாமணி ராத்திரியெல்லாம் யோசித்து நேர்மையாகத்தான் எழுதினார். பலராமன் என்று எழுதினார். இருக்கிற பத்தில் பலராமன்தான் கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான், மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது. மறுநாள் பலராமன் கேபினுக்குள் வந்தான். உட்காரவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. "நிஜமாவே நான் மட்டமா சார்?" என்று கேட்டான். சண்டைக்கு வந்திருந்தால் சமாளித்திருப்பார். அவன் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான், டாக்டரிடம் கேட்கிற மாதிரி. அப்படியெல்லாம் இல்லப்பா, சிஸ்டம், உனக்கே தெரியுமே என்று இவர் மென்று முழுங்கினார். அதற்கப்புறம் பலராமன் கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டான். ஒரு அளவை நாலு தடவை எடுத்தான். எடுத்ததை இன்னொருத்தனைக் கூப்பிட்டு, சரியா இருக்கா பாரேன் என்று கேட்டான். பதினைந்து வருஷம் அளந்தவனுக்குத் தன் கை மேலேயே நம்பிக்கை போய்விட்டது. ஆறாவது மாசம் வேலையை விட்டான். ஒரு நாள் பல்லாவரம் சந்தையில், பழைய ஃபேன் விற்கிற இடத்தில் அவனைப் பார்த்து, பலராமா என்று கூப்பிட்டார். அவன் திரும்பிப் பார்த்தான், கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டான். நிஜமாவே நான் மட்டமா சார். ஐயோ, அந்தக் கேள்வி! குளிக்கும்போது வரும், பல் தேய்க்கும்போது வரும், மகள் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போதுகூட வந்தது.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் முறைவாசல் வந்தது. மாசிலாமணி சின்ன வயதில் திருவல்லிக்கேணியில் ஒரே வாசலுக்குள் எட்டுக் குடித்தனம் இருந்த வீட்டில் வளர்ந்தவர். இந்த வாரம் இன்ன குடித்தனம் வாசல் பெருக்கிக் கோலம் போடவேண்டும், அடுத்த வாரம் அடுத்த குடித்தனம். அதற்கு முறைவாசல் என்று பேர். பெருக்குவதால் யாரும் தாழ்ந்துபோய்விடவில்லை, ஏனென்றால் அடுத்த வாரம் இன்னொருத்தி பெருக்குவாள். பலராமன் போன மறு வருஷம், மீதி ஒன்பது பேரையும் அளவு அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் இதைத்தான் சொன்னார். டி யாருக்காவது குடுத்தே ஆகணும். குடுக்கறது மட்டத்துக்கு இல்ல, முறைக்கு. வருஷம் ஒருத்தர். சீட்டுக் குலுக்கி வரிசை போட்டார்கள். கண்ணப்பன் அந்த வரிசையை எழுதி அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினான், டீ வாங்கப் போகிற வரிசை மாதிரி தலைப்பில்லாமல். வருஷா வருஷம் யாருக்கு முறையோ அவரை மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து வாலாஜாபாத் ரோடு பிரியாணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். மாலைகூடப் போட்டிருக்கிறார்கள் ஒரு தடவை. என்ன சிரிப்பு, என்ன கூத்து! வாய்யா மட்டம், இன்னொரு பீஸ் வாங்கிக்க என்று பரிமாறுவார்கள். பக்கத்து டிபார்ட்மென்ட்டில் டி வாங்கினவன் பாத்ரூமில் அழுதுகொண்டிருப்பான், இங்கே டி வாங்கினவன் லெக் பீஸ் கடித்துக்கொண்டிருப்பான். மாசிலாமணிக்கு உள்ளுக்குள்ளே எத்தனை பெருமை! மேனேஜ்மென்ட் வகுப்புக்கு ஹோட்டலுக்கெல்லாம் அனுப்பினார்கள், தலைவன் என்பவன் கடினமான முடிவை எடுக்கத் தயங்கக்கூடாது என்று கோட்டுப் போட்ட ஒருத்தன் படம் போட்டுக் காட்டினான். இவர் பின் வரிசையில் முறுக்குக் கடித்துக்கொண்டே, போடா, யாருக்கும் வலிக்காமல் முடிவெடுக்க எங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டார். அது முடிவே இல்லை, முடிவெடுக்காமல் இருப்பதற்கு ஒரு ஏற்பாடு என்று அப்போது தோன்றவில்லை. டி போட்டால் காரணம் எழுதவேண்டும். அதிலும் அவர் கெட்டிக்காரர். முறைக்காரனைப் பற்றி இரண்டு பத்தி, அச்சு அசல் நிஜம் மாதிரி இங்கிலீஷில் எழுதுவார். எழுதிவிட்டு அவனுக்கே படித்துக் காட்டுவார். புது முறைகளுக்கு மாறத் தயங்குகிறார், கவனம் சிதறுகிறது, வேகம் போதவில்லை. அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். தேசிங்கு இந்த வருஷம் சிரித்துவிட்டு, "சார், இதப் படிச்சா நானே என்னை வேலைய விட்டு அனுப்பிடுவேன்" என்றான். பிப்ரவரி மாசம் சொன்னான். இவரும் சேர்ந்து சிரித்தார்.

மேற்குத் தாம்பரம் பாலத்துக்குக் கீழே பஸ் நின்றது. நாலு பேர் ஏறினார்கள். நிமிஷம் போகிறது, முடிச்சூருக்கு இன்னும் பன்னிரண்டு இருக்குமா? இந்த வருஷ முறை தேசிங்குடையதே இல்லை. அவன் முறை மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே வந்து போய்விட்டது. ஒன்பது பேர் சுற்றில் ஒருத்தருக்கு ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். பெங்களூர்க்காரர்கள் நாலு வருஷத்தில் இரண்டு டி என்று எந்தக் கத்தியைத் தூக்கினாலும் இந்த டிபார்ட்மென்ட்டில் ஒரு கழுத்தும் கிடைத்திருக்காது. இந்த வருஷம் பியூலாவின் முறை. அவள் அம்மா திருச்சியில் பக்கவாதத்தில் விழுந்துவிட்டாள், பார்க்க ஆள் இல்லை. அங்கே இருக்கிற கிளைக்கு மாற்றல் கேட்டிருந்தாள். டி வாங்கினால் ஒரு வருஷத்துக்கு மாற்றல் கிடையாது என்று விதி. பியூலா வாயைத் திறந்து கேட்கவில்லை. அலமாரிக் கதவைத் திறந்து வரிசையைப் பார்த்துவிட்டு மூடினாள், அவ்வளவுதான். மறுநாள் தேசிங்கு வந்து நின்றான். "பியூலா மேடம் முறைய நான் எடுத்துக்கறேன் சார். எனக்கு மாற்றலா, ப்ரமோஷனா, ஒரு எழவும் கிடையாது. எனக்கு டி வந்தா என்ன, டீ வந்தா என்ன." அப்போது இவர் என்ன செய்திருக்கவேண்டும்? ஒரு மேனேஜர், ஐம்பத்தைந்து வயசு மனுஷன், ஒரு நிமிஷம் யோசித்திருக்கவேண்டாமா? ஒருத்தன் பேரில் இரண்டு டி சேருகிறதே, மேலே எவனாவது தேதி போட்டு அடுக்கிப் பார்த்தால் என்ன ஆகும் என்று? யோசிக்கவில்லை. நிம்மதியாக இருந்தது, சத்தியமாக நிம்மதியாக இருந்தது. பியூலாவிடம் முகம் கொடுத்து இல்லை என்று சொல்லவேண்டிய வேலை தப்பியது. நீ நல்லவன்டா தேசிங்கு என்று தோளைத் தட்டினார். தட்டின கை இது. மடியில் கிடக்கிறது. பியூலா இப்போது திருச்சியில் இருக்கிறாள், போன வாரம்கூட அம்மா கஞ்சி குடிக்கிற போட்டோ அனுப்பினாள்.

மெயில் போடவேண்டியதுதான். என்னவென்று போடுவது? இந்த டி பொய் என்று. இதுமட்டும்தான் பொய்யா, மற்றதெல்லாம் நிஜமா என்று கேட்பார்கள். எட்டு வருஷமாக எல்லாமே பொய்தான் என்று சொல்லவேண்டும். சொன்னால் எட்டு வருஷ டியையும் தோண்டுவார்கள், பியூலாவின் மாற்றலைத் தோண்டுவார்கள், பொய்க் கிரேடு எழுதிக் கையெழுத்துப் போட்டவன் யார் என்று தோண்டுவார்கள். ஏப்ரலில் அவருக்கு டிஜிஎம் பதவி வருகிறதாகப் பேச்சு. அது போகட்டும், அது ஒரு மயிரும் இல்லை. அப்படியா, இல்லையா? இருக்கிறது. ஒரு துளி இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு ரிமார்க்ஸ்தான். ரிடையராக மூன்று வருஷம் இருக்கும்போது, பொய் எழுதினதற்காக வெளியே அனுப்பப்பட்ட மாசிலாமணி என்று ஒரு பேர். விடியற்காலையில் சுகந்தி டிபன் டப்பாவை மூடிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பெண்டாட்டி ஏதாவது வழி சொல்லுவாள் என்று இவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாவம்" என்றாள். மூடியை அழுத்தினாள். அப்புறம், "உங்க பேரு அதுல வராதில்ல?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன? இவர் மனசுக்குள் நேற்றிலிருந்து ஓடிக்கொண்டிருந்த அதே கேள்விதான். அவளாவது வெளியே சொன்னாள்.

முடிச்சூர். தேசிங்கு ஏறினான். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். "குட் மார்னிங் சார். என்ன சார், கண்ணெல்லாம் செவந்திருக்கு? தூங்கலயா?" தூங்கினேன்ப்பா, ஏசி காத்து என்றார். அவன் உட்கார்ந்தான், ஸீட் ஒரு பக்கம் அமுங்கியது. வருஷா வருஷம் ஐப்பசி மழையில் அவன் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். இந்த வருஷம் மண்ணடித்துத் தரையை இரண்டடி தூக்கிவிட்டான். அந்தக் கதையைத்தான் ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். "தரை ஏறிடுச்சு சார், கூரை அங்கியேதானே இருக்கு! இப்ப ஃபேன் தலைக்கு நேரா சுத்துது. நேத்து எம் பொண்ணு ஸ்கூல்ல பரிசு வாங்கினேன்னு கைய தூக்கிட்டு குதிச்சா பாருங்க, நான் போட்ட கத்துல அவ அழுதுட்டா. வீட்டுக்குள்ள யாரும் சந்தோஷப்படக் கூடாதுன்னு ரூல் போட்டிருக்கேன் சார்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். மாசிலாமணியும் சிரித்தார். எப்படிச் சிரிப்பு வருகிறது இந்த முகத்துக்கு? இப்போது சொல்லிவிடலாம். தேசிங்கு, ஒரு விஷயம்ப்பா. அவ்வளவு ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வரும். தேசிங்கு, ஒரு. வாயைத் திறந்தார். "பரிசு எதுக்குப்பா?" என்று வந்தது. கட்டுரைப் போட்டிக்காம். தலைப்பு, நான் போற்றும் மனிதர். அவள் அப்பாவைப் பற்றி எழுதினாளாம். "என்னைப் பத்தி என்ன எழவு எழுதியிருப்பா சார்? படிச்சுக் காட்டு காட்டுன்னு கேட்டேன், மாட்டேன்னு ஓடிட்டா" என்று சொல்லி, சொன்ன வாய் மூடுவதற்குள் அவனுக்குக் கண் செருகிவிட்டது. மண்ணிவாக்கம் வருவதற்குள் தூங்கிவிடுவான், தினமும் அப்படித்தான். நாற்பத்தாறு வயசு உடம்பு, விடிகாலை நாலு மணிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்கு நிற்கிற உடம்பு.

தலை சாய்ந்து சாய்ந்து கடைசியில் இவர் தோளில் வந்து விழுந்தது. கனம். ஒரு மனுஷன் தலை இவ்வளவு கனமா? தினமும் விழுகிறதுதானே, ஒரு நாளும் தெரிந்ததில்லையே. அசையாமல் வலது கையால் போனை எடுத்து மெயிலைத் திறந்தார். அன்புள்ள நிவேதிதா. தேசிங்கு விஷயத்தில் எனக்கு ஆட்சேபணை இருக்கிறது. காரணம். காரணம் என்ன? அவருடைய மதிப்பீடு அவருடைய வேலையைக் குறிக்கவில்லை. சரியா வருகிறதா? அழித்தார். எங்கள் பிரிவில் சில வருஷங்களாக ஒரு நடைமுறை இருந்துவருகிறது. இருந்துவருகிறதா? தானாகவா இருந்துவருகிறது? நீதானே கொண்டுவந்தாய்? நான் கொண்டுவந்த நடைமுறை என்று எழுது. எழுதினார். நான் என்கிற எழுத்து ஸ்க்ரீனில் பெரிதாகத் தெரிந்தது. நாம் என்று மாற்றினார். நாம் என்றால் ஒன்பது பேரும் மாட்டுவார்கள், சே! அழித்தார். நாலு வரி எழுதினால் மூன்று வரி அழிந்தது. அடப்பாவி, பொய் எழுதும்போது தண்ணீராக ஓடின இங்கிலீஷ், நிஜத்துக்கு ஒரு வார்த்தை நகர மாட்டேன் என்கிறதே! பலராமனுக்காகவும் இப்படி ஒரு மெயில் எழுதியிருக்கலாம் இல்லையா, ஒன்பது வருஷத்துக்கு முன்னால்? இந்தப் பத்துப் பேரில் மட்டம் யாரும் இல்லை, கட்டம் சிவப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரே ஒரு வரி? எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும், திட்டியிருப்பார்கள். திட்டு வாங்கியிருந்தால் முறைவாசலே வந்திருக்காது. முறைவாசல் இல்லாவிட்டால் இந்தத் தலை இன்றைக்கு இப்படி. போதும், நிறுத்து. இதெல்லாம் சப்பைக்கட்டு. மணி ஆறு ஐம்பது. பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கிறது. இந்தக் குட்டி போனில் குத்திக் குத்தி அடிக்கிறதைவிட கேபினில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நிதானமாக, ஒழுங்காக அடிக்கலாம். அவசரத்தில் அனுப்பித் தப்பாகப் புரிந்துகொண்டால்? ஆமாம், கேபினில் போய் அடிக்கலாம். அப்படித் தீர்மானித்ததும் மனசு லேசாகிவிட்டது. போனைப் பையில் போட்டார். பியூலா முறையை அவன் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது வந்த அதே நிம்மதி. அது அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் போனைத் திரும்ப எடுக்கவில்லை.

படப்பையில் ஒரு வேகத்தடை தூக்கிப்போட்டதில் தேசிங்கு விழித்துக்கொண்டான். தோளில் எச்சில் பட்டிருந்ததைப் பார்த்து, "ஐயய்யோ சார்" என்று கைக்குட்டையால் துடைத்தான். விடுப்பா என்றார். கொஞ்ச நேரம் அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ கேட்கத் தயங்குகிற மாதிரி. தெரிந்துவிட்டதா? யாராவது சொல்லிவிட்டார்களா? தெரிந்திருந்தால்கூடத் தேவலை. கேளு தேசிங்கு, நீயே கேட்டுவிடு, நான் ஆமாம் என்று மட்டும் சொல்கிறேன்.

"சார், ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுப்பா."

"அடுத்த வருஷம் முறைவாசல் கண்ணப்பனுக்கு வருது சார். அவன் பையன் பாருங்க, அதே வருஷம் இங்கியே அப்ரன்டிஸுக்கு எழுதப்போறான். அப்பனுக்கு டி-ன்னா பையனை எடுப்பாங்களா? கண்ணப்பன் கூச்சப்படறான், உங்ககிட்ட வரமாட்டான். அதனால அதையும் நானே எடுத்துக்கறேன் சார். ரெண்டு வாங்கியாச்சு, மூணாவதுல என்ன வந்துடப்போகுது? ஆனா பிரியாணிக்கு பதிலா இந்தத் தடவை மீன் சாப்பாடு வேணும், இப்பவே சொல்லிட்டேன்."

ரெண்டு வாங்கியாச்சு. அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். மாசிலாமணிக்கு அழுகை வந்தது, நிஜமாகவே வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே ஒரு லாரி கொட்டகை, ஒரு டைல்ஸ் கடை, ஏரிக்குள்ளே முளைத்த வீட்டுமனைக் கொடிகள். இவன் என்ன மனுஷன்? இவனுக்கு என்ன கேடு? யார் தலையில் விழுகிற கல்லானாலும் ஓடிப்போய் நடுவில் நிற்கிறானே, யார் இவனிடம் கேட்டார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டார். கோபம் அவன் மேல் வந்தது, அது எத்தனை அசிங்கம் என்றும் தெரிந்தது. இவன் இவ்வளவு நல்லவனாக இல்லாமல் இருந்திருந்தால் என் பிழைப்பு சுலபமாக இருந்திருக்கும். நல்லவனை வைத்துத்தான் நான் நல்லவன் பேரெடுத்தேன். யாருக்கும் வலிக்காத மேனேஜர், ஆமாம், வலியை எல்லாம் ஒருத்தன் கையில் கொடுத்துக்கொண்டே வந்தால் மற்றவர்களுக்கு எங்கே வலிக்கும்? சொல்லு. இப்போது சொல்லு. பதினைந்து நிமிஷம் இருக்கிறது. தேசிங்கு, அடுத்த வருஷம் நீ இருக்க மாட்டாய். பத்து மணிக்கு என் கையாலேயே உனக்கு. நான் எழுதினதைத்தான் அவர்கள்.

"என்ன சார், ஒண்ணும் சொல்லலியே?"

"பார்க்கலாம்ப்பா" என்றார் மாசிலாமணி.

"அது போதும் சார்" என்றான் அவன், சந்தோஷமாக. நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும் என்று கூடச் சேர்த்துச் சொன்னான்.

ஒரகடம் வந்தது. பஸ் கேட்டுக்குள் திரும்பி நின்றது. எல்லாரும் இறங்கி, செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில் இருக்கிற சுழல் கம்பிக் கதவுகளுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கம்பி சுழலும், ஒரு ஆள் உள்ளே போகலாம். மாசிலாமணி காட்டினார், உள்ளே போனார். அவருக்கு நேர் பின்னால் தேசிங்கு காட்டினான். சிவப்பு எரிந்தது. அவன் அட்டையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் காட்டினான். சிவப்பு. திருப்பிக் காட்டினான், அழுத்திக் காட்டினான். பின்னால் நின்றவர்கள், என்ன தேசிங்கு, மாமியார் வீட்டு அட்டையைக் கொண்டுவந்துட்டியா என்று சத்தம் போட்டார்கள். அவனும் சிரித்துக்கொண்டே, எல்லாருக்கும் வழி விட்டு ஓரமாக ஒதுங்கினான். கண்ணாடி அறைக்குள்ளிருந்த செக்யூரிட்டிக்காரன் தன் ஸ்க்ரீனைப் பார்த்தான். அப்புறம் தலையைத் தூக்கி, உள்ளே நின்ற மாசிலாமணியைப் பார்த்தான். ஸ்க்ரீனில் என்ன போட்டிருக்கிறது என்று இவருக்குப் புரிந்துவிட்டது. பத்து மணி வரைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. ஆட்சேபணை எழுதுகிற ஆள் இல்லை இவர் என்று பெங்களூரில் யாருக்கோ நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கம்பிக்கு அந்தப் பக்கம் தேசிங்கு, இந்தப் பக்கம் இவர். நடுவில் இடுப்பு உயரத்துக்கு மூன்று கம்பிகள். அவன் முகத்தில் இன்னும் சந்தேகம்கூட வரவில்லை. அட்டையை நீட்டி, "என்ன சார் இது?" என்று கேட்டான்.

"மெஷின் கோளாறுப்பா" என்றார் மாசிலாமணி. குரல் சாதாரணமாகத்தான் வந்தது, ஒரு பிசிறில்லாமல். "நீ இங்கியே நில்லு. நான் உள்ள போய்ச் சொல்லிட்டு வரேன்."

"சரி சார்" என்று தேசிங்கு சுவரோரமாகச் சாய்ந்துகொண்டான், பையைக் காலடியில் வைத்தான். மாசிலாமணி நடக்க ஆரம்பித்தார். பத்தடி போயிருப்பார். பின்னாலிருந்து அவன் கூப்பிட்டுச் சொன்னான்.

"மெதுவாப் போங்க சார். ஒண்ணும் அவசரமில்ல."